மூளிச் சட்டியும் முழுச் சட்டியும்

மாமனார் வீடு மாறினார். புது வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சாமான் ஏற்ற வந்த லாரிக்காரர் பீரோவைத் தனியாளாக முதுகில் சுமந்தவர். அவர் சமையலறைக்குள் போய், அங்கே கிடந்த இரண்டு கல்சட்டிகளில் ஒன்றைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"ஐயா, இதுக்கு வேற ஆளைப் பாருங்க. என் பிள்ளைங்க இன்னும் படிச்சு முடிக்கல" என்றார்.

இப்படித்தான் அந்தச் சட்டிகள் இரண்டு மகள்களுக்கும் வந்து சேர்ந்தன. மாமனார் நில அளவைத் துறையில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். எதையும் சரிபாதியாகப் பிரிப்பதில் அவருக்கு ஒரு தனிச் சுகம். பாராட்டை மட்டும் பிரிக்க மாட்டார், அளந்து, கல் நட்டு, ஒருவருக்குத்தான் கொடுப்பார்.

"ஆளுக்கு ஒன்னு. பெரிய மாப்பிள்ளை முதல்ல எடுக்கட்டும்" என்றார்.

பெரிய மாப்பிள்ளை வெல்டர். சின்ன மாப்பிள்ளை பல் டாக்டர். சகலை என்பவர் கல்யாணத்தோடு கேட்காமலே வந்து சேரும் ஒரு சாமான். திருப்பிக் கொடுக்கவும் முடியாது, பரணில் போடவும் முடியாது. வெல்டருக்குத் தன் சகலைமேல் எந்த வருத்தமும் இல்லை. அவர் தன்னைவிட வெளுப்பாக இருந்தார், தன்னைவிட மெதுவாகப் பேசினார், சட்டையில் ஓட்டை விழாத தொழில் செய்தார், அவ்வளவுதான்.

இரண்டு சட்டிகளும் ஒரே பாறையில், ஒரே நாளில் குடைந்தவை. மாமனார்தான் கல்யாணமான புதிதில் வாங்கினார். மாமியார் இருந்தவரை இரண்டும் அடுப்பைவிட்டு இறங்கியதில்லை. எண்ணெயும் புகையும் ஏறி, இரண்டும் காக்கைக் கறுப்பில் பளபளத்தன. வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஒன்றின் விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு போயிருந்தது. மாமியார் ஒரு நாள் மாமனாரிடம் சொல்ல வேண்டியதை அகப்பையால் சட்டியிடம் சொன்னதாகக் கேள்வி.

வெல்டர் இரண்டையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார். பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்து விளிம்பில் வைத்துப் பார்த்தார். பிறகு முழுச் சட்டியை எடுத்துக்கொண்டார். மூளி, பல் டாக்டருக்குப் போயிற்று.

"உடைஞ்ச பல்லைக் கட்டுறவருக்கு உடைஞ்ச சட்டி. பொருத்தம்தான்" என்று வீடு வரும்வரை மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருடைய மண வாழ்க்கையில் ஆக மகிழ்ச்சியான நாள் அதுதான் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். கல்யாண நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறாள்.

முழுச் சட்டி வெல்டர் வீட்டுச் சமையலறையில், இடது பக்க அடுப்பில் ஏறி உட்கார்ந்தது. கல்சட்டிக்குக் கோபமும் மெதுவாகத்தான் வரும், ஆறவும் நேரமாகும். சூடேற அரை மணி. அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே பருப்பு கொதித்துக்கொண்டே இருக்கும். ஒரு தடவை வெளியூர்க் கல்யாணத்துக்கு மூன்று நாள் போய்விட்டுத் திரும்பினால் சட்டிக்குள் கீரை இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது என்று வெல்டர் சொல்வார். ஓடும் ரயிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு வெல்டிங் வைத்ததாகச் சொன்னவரும் அவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நியாயம்.

ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனைவி அந்தச் சட்டியில் வைத்த பருப்புக்கு ஒரு ருசி இருந்தது. வேறு பாத்திரத்தில் அதே கை, அதே பருப்பு, அதே உப்பு போட்டாலும் வராது. சின்னவள் வாரம் ஒரு முறை தூக்குச்சட்டியோடு வந்து, "அக்கா, கொஞ்சம் போடேன்" என்று வாங்கிக்கொண்டு போவாள். வெல்டர் அதைக் கவனித்ததே இல்லை. தினமும் சாப்பிடுகிறவன் சாப்பாட்டைக் கவனிப்பதில்லை.

மூளிச் சட்டியின் கதை வேறு. சின்னவளுக்கு இடுப்பு வலி. அவளால் அதைத் தூக்கிக் கழுவ முடியவில்லை. கொஞ்ச நாள் அடுப்படியில் கிடந்தது. பிறகு வாசலுக்கு வந்து குடை வைக்கப் பயன்பட்டது. அப்புறம் ஒரு நாள் பல் டாக்டர் அதைத் தன் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறைக்கு எடுத்துப் போய், ஒரு மர மேடைமேல் வைத்து, மேலே கூரையில் ஒரு சிறு விளக்கைப் போட்டார். உள்ளே தண்ணீர், தண்ணீரில் நாலு பூ. பக்கத்தில் ஓர் அட்டை: "பழங்காலக் கல்சட்டி. நூறு ஆண்டு."

பல் வலிக்காரர்களுக்குக் காத்திருப்பு அறையில் வேறென்ன வேலை? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அதற்கு மதிப்பு ஏறியது. ஒரு மளிகைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் வலி போய், பல்லைப் பிடுங்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் அட்டையில் இருநூறு ஆண்டு என்று இருந்தது.

"போன மாசம் நூறு, இந்த மாசம் இருநூறு" என்றார் வெல்டர். "ஒரு மாசத்துல நூறு வயசு ஏறுற பொருளை நான் பார்த்ததில்ல."

"அதுக்கு இருநூறுன்னா நம்ம சட்டிக்கும் இருநூறுதானே. ரெண்டும் ஒரே வயசு" என்றாள் மனைவி, சட்டியைக் கிளறிக்கொண்டே. அவளுக்கு அதற்குமேல் அதில் ஆர்வம் இல்லை.

வெல்டருக்கும் அதோடு போயிருக்கும். மாமனார் பல்செட் அளவு கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுதான் எல்லாம் கெட்டது. கண்ணில் புரை விழுந்து அரைகுறையாகத் தெரிகிற காலம் அவருக்கு. விளக்கு வெளிச்சத்தில் கறுப்பாக மின்னிய சட்டிக்கு எதிரில் உட்கார்ந்து, விளிம்பைத் தடவி, தன் பொண்டாட்டியின் அகப்பை பட்ட இடத்தைக் கண்டுபிடித்து, பெரிய மகளுக்குப் போன் போட்டார்.

"ஒரு பொருளோட அருமை தெரிஞ்சவர்னா சின்ன மாப்பிள்ளைதாம்மா."

மனைவி அதை ஒரு செய்தியாகத்தான் சொன்னாள். வெல்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"முழுச் சட்டி நம்மகிட்ட இருக்கு. அருமை அவருக்குத் தெரியுதா?"

"அப்பா சொன்னதைச் சொன்னேன்."

"என்னைப் பத்தி ஒன்னும் சொல்லலையா?"

மனைவி யோசித்தாள். "நம்ம வாசல் கேட்டுக்கு எண்ணெய் போடச் சொன்னார். கத்துதாம்."

அன்றிலிருந்து வெல்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் தனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதே வாயால், அதே வார்த்தைகளோடு, 'சின்ன' என்ற இடத்தில் 'பெரிய' என்று மட்டும் மாற்றி. பல்லைக் கடித்துக்கொண்டே வேலை செய்தார். வெல்டிங் கண்ணாடிக்குள்ளே நெருப்புப் பொறிக்கு நடுவிலும் அந்த மூளிச் சட்டிதான் விளக்கு போட்டுக்கொண்டு தெரிந்தது.

பகை வீட்டுக் கோட்டையை அளக்க ஒரு வழி வேண்டுமே. பல் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். காத்திருப்பு அறையில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து டேப்பை நீட்டி மேடையை அளந்தார். அட்டையில் முந்நூறு ஆகியிருந்தது.

"வாங்க சகலை, வாங்க. உக்காருங்க. வாயைத் திறங்க" என்றார் பல் டாக்டர். ஒரு மனிதனோடு விவாதிக்க அதைவிட வசதியான தொழில் கிடையாது. எதிராளியின் வாயில் கண்ணாடி, ஊசி, பஞ்சு, தண்ணீர்க் குழாய் எல்லாம் இருக்கும்.

"வர்றவங்க எல்லாம் சட்டியைப் பத்தித்தான் கேக்கறாங்க சகலை. அந்த மூளி இருக்கு பாருங்க, அதுதான் அழகே. ஊர்ல எல்லார் மூளியையும் அடைக்கிறேன், அதை மட்டும் விட்டு வச்சிருக்கேன். முழுசா இருந்தா நேத்துக் கடையில வாங்கினதுன்னு நினைப்பாங்க."

"ஆ" என்றார் வெல்டர்.

"உங்க சட்டி என்ன ஆச்சு? இன்னும் அடுப்புலதானா?"

"ஆ."

"அடடா." பல் டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். பிறகு, முகமூடிக்குள்ளிருந்து ஒரு மாதிரியான குரலில், "இன்னைக்கு என்ன வச்சாங்க அண்ணி? பருப்பா, கீரையா?" என்று கேட்டு எச்சில் விழுங்கினார். வெல்டர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். பொறாமை ஏறிய காதுக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று முடித்தார் டாக்டர். "ஆனா ரொம்பக் கடிக்கிறீங்க சகலை. தேஞ்சிருக்கு. மனசுல என்ன?"

"ஒன்னுமில்ல சகலை. இரும்புத் தூசி."

அடுத்த வாரம் மாமனாருக்குக் கண் ஆபரேஷன். மனைவி நாலு நாள் துணைக்குப் போனாள். போகும்போது, "சட்டியைச் சோப்புப் போட்டுத் தேச்சிராதீங்க. வெந்நீர் ஊத்தித் துடைச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வெல்டர் சொன்ன பேச்சைத் தட்டவில்லை. சோப்பைத் தொடவே இல்லை. கிரைண்டரால் தேய்த்தார்.

தொழில் தெரிந்தவர்கள் அவரைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். வெல்டர் கண்ணுக்கு, ஒரு பொருள்மேல் கறுப்பாக ஒன்று படிந்திருந்தால் அது கரி, துரு அல்லது பழைய பெயிண்ட். அதை எடுத்தால்தான் பொருள். அதுவுமில்லாமல் அது மாக்கல். இரும்பில் கோடு போட அவர் காதில் செருகி வைத்திருக்கும் வெள்ளைக் குச்சி இருக்கிறதே, அதே கல்தான். சக்கரத்தை வைத்ததும் வெண்ணெய் மாதிரி வழிந்தது. நாற்பது வருஷத்து எண்ணெயும் புகையும் முக்கால் மணி நேரத்தில் பறந்து போய், பட்டறை முழுக்க மாவு மழை. எதிர்க்கடைக்காரர், பட்டறையில் பனி பெய்கிறது என்று ஆட்களைக் கூட்டி வந்து காட்டினார். கறுப்பு போனதும் உள்ளிருந்து பால் நிறத்தில், பச்சை நரம்பு ஓடிய ஒரு சட்டி வெளியே வந்தது. வெல்டருக்கே ஆசையாக இருந்தது. நிறுத்த மனமில்லாமல் இன்னொரு சுற்றுத் தேய்த்தார்.

பிறகு மேடை. சகலையுடையது மரம், இவர் சதுரக் குழாயில் செய்தார், சகலையுடையதைவிட ஒரு சாண் உயரமாக. இங்கேதான் அவர் கை அவரை மீறிப் போயிற்று. வாழ்நாளில் எதையும் போல்ட் போடாமல் எதன்மேலும் அவர் வைத்ததில்லை. அவர் வீட்டுத் தொலைக்காட்சி, தண்ணீர்க் குடம் வைக்கும் பலகை, ஏன், வாசல் மிதியடிகூட போல்ட் போட்டுத்தான் நிற்கிறது. டிரில்லை எடுத்துச் சட்டியின் அடியில் நாலு மூலைக்கு நாலு ஓட்டை போட்டு, வாஷர் வைத்து முறுக்கினார். கடைசியில், எந்தக் கேட்டு செய்தாலும் ஜன்னல் கம்பி செய்தாலும் வழக்கமாகச் செய்வதுபோல, மேடையின் அடிப்பக்கத்தில் வெல்டிங் கம்பியாலேயே பட்டறையின் போன் நம்பரை எழுதினார்.

சட்டியை ஹாலில், வாசலைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் நிறுத்தி, மேலே விளக்கும் போட்டார். முதலில் பார்த்தவர் பால்காரர்.

"என்ன வெல்டர், ஹால்லயே கைகழுவத் தொட்டி வச்சுட்டீங்க? குழாய் எப்ப வருது?"

வெல்டர் பாலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். ஆனால் அன்று முழுக்க ஒவ்வொரு கோணத்திலிருந்தும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் குழாய் மட்டும்தான் குறையாகத் தெரிந்தது.

மனைவி திரும்பி வந்து, பையை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். வெளியே வந்தாள்.

"சட்டி எங்க?"

"ஹால்ல."

அவள் ஹாலைத் தாண்டித்தான் உள்ளே போயிருந்தாள். திரும்பிப் போய்ப் பார்த்தாள். சட்டிக்குள் கைவிட்டு அடியைத் தடவினாள். நாலு போல்ட் தலைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். வெல்டர் பக்கத்தில் நின்று, "கிலோக்கணக்குல வெயிட் தாங்கும்" என்றார்.

"அம்மா முப்பது வருஷம். நான் ஒம்பது வருஷம்" என்றாள். கத்தியிருந்தால் வெல்டருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ஞாயித்துக்கிழமை அப்பா வர்றார். கட்டுப் பிரிச்சதும் முதல்ல உன் பருப்பைத்தான் பார்க்கணும்னு சொல்லியிருக்கார்."

"குக்கர்ல வை."

"வைக்கிறேன்" என்றாள்.

வைத்தாள். மூன்று நாள் வைத்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக வெல்டர் தன் வீட்டுச் சாப்பாட்டைக் கவனித்தார். பருப்பு பருப்பாக இருந்தது, தண்ணீர் தண்ணீராக இருந்தது, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவருக்கும் மனைவிக்கும்கூட இல்லை. "உப்பு", "தட்டு", "போதுமா" என்ற மூன்று வார்த்தைகளில் குடும்பம் ஓடியது.

ஞாயிறு நெருங்க நெருங்க அவருக்கு ஒன்று புரிந்தது. இந்தப் பருப்பைச் சாப்பிட்டுவிட்டு மாமனார் அந்த வாக்கியத்தைச் சொல்லப் போவதில்லை. சனிக்கிழமை மதியம், மானத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பல் டாக்டர் பின்னறையில் தனியாக உட்கார்ந்து, டிபன் டப்பாவில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார். வெளுத்துப்போய், ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததுபோல் ஒரு பருப்பு.

"சகலை, ஒரு உதவி. உங்க மூளிச் சட்டி ஒரு நாளைக்கு வேணும்" என்றார் வெல்டர். கிரைண்டரில் ஆரம்பித்து போல்ட் வரைக்கும் சொன்னார். பால்காரர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார்.

டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தினமும் அந்தச் சட்டிச் சாப்பாடு சாப்பிட்டவரா போய் அதுல ஓட்டை போட்டீங்க?"

"உங்களுக்கென்ன. மாமனார் வாயால பேர் வாங்கியாச்சு."

"பேரா? பேரை வச்சு என்ன பண்றது சகலை? ஒம்பது வருஷமா இதைத் தின்னுட்டிருக்கேன்." டப்பாவை வெல்டர் பக்கம் திருப்பிக் காட்டினார். "வாரம் ஒரு நாள் அவ உங்க வீட்டுலேர்ந்து வாங்கிட்டு வருவா. அன்னைக்கு ஒரு பல்லை நான் ரெண்டு தடவை பிடுங்கியிருக்கேன், நினைப்பெல்லாம் அங்கயே. உங்களைப் பார்த்தா வயிறு எரியும். அதான் சட்டியைத் தூக்கி மேடையில வச்சு விளக்கைப் போட்டேன். உங்களுக்கும் கொஞ்சம் எரியட்டுமேன்னு."

வெல்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒன்பது வருஷமாக ஒருவர் தன்மேல் பொறாமைப்பட்டிருக்கிறார், அது தெரியாமலே காலம் போய்விட்டது. தெரிந்திருந்தால் ஒவ்வொரு கவளத்தையும் எவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம்.

"ஒரு நாளைக்கு இல்ல, மொத்தமாவே எடுத்துட்டுப் போங்க. ஆனா ரெண்டு நிபந்தனை" என்றார் டாக்டர். "ஒன்னு, சட்டி உங்க கொழுந்தியாளோடதுதான். அதனால தினம் முதல் கரண்டி எங்க வீட்டுக்கு. ரெண்டாவது, என் விளக்குக்கு அடியில இடம் காலியா இருக்கக் கூடாது. உங்களோட அந்தக் கைகழுவுற தொட்டியை மேடையோட கொடுங்க."

"கைகழுவுற தொட்டின்னு யார் சொன்னா?"

"பால்காரர் நேத்துப் பல்லு காட்ட வந்தார்."

அன்று சாயங்காலமே இரண்டு சகலைகளும் மூச்சு வாங்க, வழியில் ஏழு இடத்தில் இறக்கி வைத்து, சட்டிகளை மாற்றிக்கொண்டார்கள். வெல்டர் மனைவி மூளிச் சட்டியிலிருந்து பூவை எடுத்துப் போட்டு, வெந்நீர் ஊற்றித் துடைத்து, எண்ணெய் தடவினாள். கறுப்பு அப்படியே இருந்தது. "காலையில வேலைக்கு ஆகும்" என்றாள். அது நாலு வார்த்தைக்குக் கிட்ட வந்தது. வெல்டருக்கு உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். புதுக் கண்ணாடி, புதுக் கண். மூன்று தடவை பருப்பு போட்டுக்கொண்டார். வெல்டர் தன் தட்டைத் தொடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் கைகழுவச் சமையலறைப் பக்கம் போனவர், அடுப்பின்மேல் இன்னும் கொதித்துக்கொண்டிருந்த சட்டியைப் பார்த்து நின்றார். விளிம்பில் விரல் வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, இது மூளியா இருக்கு?"

வெல்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லதைத்தானே நீங்க எடுத்தீங்க. ரசமட்டமெல்லாம் வச்சுப் பார்த்தீங்களே. பார்த்துப் புழங்கக் கூடாதா? கல்லுதானேன்னு கவனிக்காம விட்டா இப்படித்தான்."

வெல்டர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் கிரைண்டர் வரும், கிரைண்டருக்குப் பின்னால் டிரில் வரும். வாயை மூடிக்கொண்டார். மூடிய வேகத்தில் உள்ளே ஏதோ படக்கென்றது. கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்திருந்தது.

மறுநாள் மாமனாருக்குப் பல்செட் வாங்க வேண்டியிருந்தது. வெல்டருக்குப் பல் அடைக்க வேண்டியிருந்தது. இருவரும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெல்டர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். வாயில் பஞ்சு, குழாய், கண்ணாடி எல்லாம் இருந்தன. கதவு திறந்திருந்தது. காத்திருப்பு அறையில், இரும்பு மேடைமேல், தூக்கி வரக் கழற்றிய போல்ட்டுகள் இல்லாமல், விளக்குக்கு அடியில், வெள்ளைச் சட்டி நின்றது. அட்டையில் அறுநூறு ஆண்டு.

மாமனார் அதைச் சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளா இதைக் கறுப்புன்னு நினைச்சிட்டிருந்தேனே" என்றார். "எல்லாம் கண்ணுல இருந்த புரை. எவ்வளவு வெள்ளையா இருக்கு. மூளின்னு ஒன்னு தட்டுப்பட்டதே, அதையும் காணோம். பல்லு மாதிரி அதையும் அடைச்சாச்சு போல."

நல்லது சொல்லும்போது குறுக்கே பேசும் வழக்கம் பல் டாக்டருக்குக் கிடையாது.

"அடியில நாலு ஓட்டை இருக்கே, அது எதுக்கு?"

"அந்தக் காலத்து ஆளுங்க காரணமில்லாம எதுவும் செய்ய மாட்டாங்க மாமா" என்றார் டாக்டர். "ஆராய்ச்சி பண்ணணும்."

மாமனார் நெகிழ்ந்துபோய் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "அங்க ஒருத்தர் கையில நல்ல சட்டி மூளியாப் போச்சு. இங்க ஒருத்தர் கையில மூளி நல்லதாயிருச்சு. பொருளோட அருமை தெரிஞ்சவர்னா சின்ன மாப்பிள்ளைதான். என்ன பெரிய மாப்பிள்ளை, நான் சொல்றது?"

"ஆ" என்றார் வெல்டர்.

"வலிக்குதா சகலை?" என்று கேட்டார் டாக்டர், மிகவும் அன்பாக.

அதற்குப் பிறகு தினமும் மதியம் முதல் கரண்டியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வெல்டர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். "எனக்கு முதல்ல வச்சா என்ன?" என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தார். "உங்க சட்டிதான் அங்க இருக்கே, அதுல போய்ச் சாப்பிடுங்க" என்றாள் மனைவி. காத்திருப்பு அறையில் யாராவது ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளைச் சட்டியைப் பார்த்து, "என்ன வேலைப்பாடு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். வெல்டர் தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டு, தான் தேய்த்ததை, தான் துளைத்ததை, தான் செய்த மேடைமேல், சகலையின் பொருளாகப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு நாள் பட்டறைக்கு ஒரு போன் வந்தது. கீழே விழுந்த சில்லறையைக் குனிந்து எடுக்கும்போது மேடைக்கு அடியில் நம்பரைப் பார்த்ததாக ஓர் அம்மாள் பேசினார்.

"அதே மாதிரி அறுநூறு வருஷத்துச் சட்டி ஒன்னு வேணுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைக்குமா? ஓட்டையும் நாலு இருக்கணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றார் வெல்டர். அன்று மதியம் சாப்பிடும்போது, காதில் செருகியிருந்த மாக்கல் குச்சியைத் தடவிக்கொண்டே, அடுப்பின்மேல் இருந்த மூளிச் சட்டியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டார். மனைவி அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டாள். கையில் கரண்டி இருந்தது.

அன்றிலிருந்து அவள் அந்தச் சட்டியை வீட்டில் தனியாக விட்டுவிட்டு எங்கேயும் போவதில்லை. அப்பா வீடு, கல்யாணம், துணிக்கடை எதுவானாலும் சட்டியும் கூடவே போகும், ஏற்றி இறக்குவது வெல்டர் வேலை. போன வாரம்கூடப் பஸ்ஸில் பார்த்தார்கள். சட்டியைத் துண்டால் போர்த்தி ஜன்னலோர சீட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு கையால் அணைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு அரை டிக்கெட் கொடுத்தார். வயசு கேட்டதற்கு, அறுநூறு என்று சொல்லாமல் ஒன்பது என்று சொன்னாளாம்.

வெல்டர் வழி நெடுகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னலோரத்தில் காற்று வாங்கிக்கொண்டு போகும் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு திருப்பத்தில் வண்டி குலுங்கியபோது மனைவி சட்டென்று இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தாள். சட்டியைத்தான்.